பயணப் பையில் நகப் பராமரிப்பு: எதை எடுப்பது, எதை விடுவது, வழியில் எப்படிச் செய்வது

நகம் உடைவதற்கென்றே நேரம் பார்த்து வைத்திருக்கும் போல. வீட்டு இழுப்பறையில் நகவெட்டி சும்மா கிடக்கிற நாளெல்லாம் ஒன்றும் ஆகாது. பெட்டியின் ஜிப்பை இழுக்கும்போதோ, ஓடிப்போய் ரயிலின் கைப்பிடியைப் பற்றும்போதோதான் ஓரத்தில் ஒரு கீறல் விடும். அப்புறம் அது துணி, தலைமுடி, பை என்று பார்க்கிற எல்லாவற்றிலும் மாட்டும். பொறுக்காமல் பல்லால் கடித்து இழுத்தால் நகக்கண் வரை கிழிந்து, இரண்டு நாளைக்கு வலிக்கும்.

அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், நாள் முழுக்க வெளியில் வேலை செய்கிறவர்கள், மலையேறப் போகிறவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன். கடைகளில் ‘பயண செட்’ என்று பத்துப் பன்னிரண்டு சாமான்களை ஒரு குட்டித் தோல் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் பாதியைத் தொடவே மாட்டோம்; இன்னும் ஒன்றிரண்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஒழுங்கான நகவெட்டி, ஒழுங்கான அரம், ஒரு மரக்குச்சி, கொஞ்சம் எண்ணெய். பெரும்பாலோருக்கு இவ்வளவு போதும். அந்தப் பணத்தில் நல்லதாக இரண்டு சாமான் வாங்கிவிடலாம்.

1. எத்தனை நாள் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் ஏறக்குறைய அதில் பாதிதான். அப்படியென்றால் மூன்று நான்கு நாள் பயணத்துக்கு நகவெட்டியே வேண்டாம். வீட்டில் வெட்டிவிட்டுக் கிளம்பினால் போதும். அந்த நாட்களில் நகம் வளர்ந்து தொந்தரவு செய்யாது, உடைந்துதான் தொந்தரவு செய்யும். அதற்கு ஒரு சின்ன அரம் இருந்தால் சமாளிக்கலாம். ஒரு வாரத்தைத் தாண்டும் பயணம் என்றால் கை நகத்துக்கு நகவெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரம் வெளியே தங்குவதாக இருந்தால்தான் கால் நகத்துக்கென்று தனி வெட்டி தேவைப்படும்.

சாமான்களை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. எப்போதும் தோளில் தொங்கும் பையில் அரம், எண்ணெய், கொஞ்சம் காகித டேப். பெட்டிக்குள் போகும் உறையில் நகவெட்டி, மற்ற கருவிகள், திரவங்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டால், நகம் உடைகிற நேரத்தில் பெட்டி எங்கேயோ இருக்கும்.

2. நகவெட்டியைப் பார்த்து வாங்குங்கள்

மூன்று வகை உண்டு. உள்பக்கமாக வளைந்த வாய் கொண்ட சின்ன வெட்டி கை நகத்துக்கு. நேரான, அகலமான வாய் கொண்ட பெரியது கால் நகத்துக்கு. குறடு போல இரண்டு கைப்பிடி உள்ளது, தடித்துப்போன கால் நகத்தைச் சாதாரண வெட்டியால் கவ்வ முடியாதவர்களுக்கு. பயணத்துக்கு ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் சின்னதையே எடுங்கள். அதை வைத்துக் கால் நகத்தையும் இரண்டு மூன்று கடியாக வெட்டிவிடலாம்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நெம்புகோலை அழுத்தி வாயை மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு விளிம்புகளும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு மூலையில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால், அந்த இடத்தில் அது நகத்தை வெட்டாது, நசுக்கிக் கிழிக்கும். நகத்தின் ஓரம் அடுக்கடுக்காகப் பிரிவதற்கு இப்படிப்பட்ட வெட்டியும் ஒரு காரணம். அடுத்து, மேல் தகட்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். முடிந்தால் மெல்லிய காகிதத்தின் ஓரத்தைக் கவ்வ வைத்துப் பாருங்கள். சுத்தமாக வெட்டுப்பட்டு விழுந்தால் நல்லது. மடிந்து மாட்டிக்கொண்டால் வேண்டாம்.

துருப்பிடிக்காத எஃகு என்று பார்த்து எடுங்கள். ஈரத் துண்டுகளோடும் பல்துலக்கியோடும் கிடக்கப்போகிற சாமான் இது. மலிவான இரும்பில் பளபளப்புப் பூசியது என்றால் பூச்சு உரிந்ததும் துரு ஏறிவிடும். நெம்புகோல் திரும்பித் தட்டையாகப் படிய வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பைக்குள் தானாக விரிந்துகொள்ளும் வெட்டி உறையைக் கிழித்துவிடும்.

வெட்டிய துண்டுகள் தெறிக்காமல் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி வைத்த வெட்டிகள் வருகின்றன. வீட்டில் அது ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். ஆனால் அடுத்தவர் வீட்டிலோ விடுதி அறையிலோ தங்கும்போது அது பெரிய உதவி. கழற்றிக் கழுவக்கூடிய மூடியாகப் பார்த்து வாங்குங்கள். கழற்ற முடியாவிட்டால் உள்ளே அழுக்கு சேர்ந்துகொண்டே போகும்.

நெம்புகோலின் முதுகில் வரி வரியாகக் கீறியிருக்கிறதே, அதை அரம் என்று நம்பிவிடாதீர்கள். அது நகத்தை மழிக்காது, உரித்துவிடும்.

3. அரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

பயணத்தில் நகவெட்டியைவிட அதிகம் கைகொடுப்பது அரம்தான். கீறல் விட்ட இடத்தை உடனே இரண்டு இழுப்பு இழுத்து மழுங்கச் செய்தால் அது மேலே பரவாது.

அரத்தின் சொரசொரப்பை எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட நயம். இயற்கையான நகத்துக்கு 180 முதல் 240 வரை சரி. மெலிந்த, சட்டென்று உடைகிற நகம் என்றால் 240 அல்லது அதற்கு மேல். 100, 80 என்று போட்டிருப்பவை ஒட்டிய செயற்கை நகங்களுக்கானவை. சொந்த நகத்தில் வைத்தால் ஓரத்தைப் பிய்த்துவிடும்.

வகைகளில் நான் கண்ணாடி அரத்தைத்தான் சிபாரிசு செய்வேன். அதன் சொரசொரப்பு மேலே ஒட்டிய தூள் இல்லை, கண்ணாடியிலேயே பொறித்தது. அதனால் சீக்கிரம் தேயாது, தண்ணீரில் கழுவலாம், நகத்தின் விளிம்பும் வழுவழுப்பாக நிற்கும். ஒரே குறை, கீழே விழுந்தால் போச்சு. கெட்டியான உறையோடு வருகிற சின்ன அளவாகப் பார்த்து வாங்குங்கள். அட்டை அரம் கனமே இல்லை, விலையும் குறைவு. ஆனால் நனைந்தால் வீண், சுத்தப்படுத்தவும் முடியாது. ஒருவருக்கு மட்டும், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, தேய்ந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். கூர் முனையுள்ள நீளமான உலோக அரத்தைப் பயணத்துக்கு எடுக்கவே வேண்டாம். விமான நிலையத்திலும் அதைத்தான் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பெட்டியில் கண்ணாடி அரம், தோள்பையில் பாதியாக வெட்டிய ஓர் அட்டை அரம். இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கும்.

4. மற்ற சின்னச் சாமான்கள்

மரக்குச்சி: ஒரு முனை சரிவாகவும் மறு முனை கூராகவும் சீவியது. நகம் சதையிலிருந்து கிளம்புகிற இடத்தில் படிந்த தோலை மெல்லத் தள்ளவும், நகத்தின் கீழே சேர்ந்த அழுக்கை எடுக்கவும் இது போதும். உலோகத் தள்ளியைவிட மென்மையானது, அழுக்கானால் எறிந்துவிடலாம்.

நுனி வெட்டி: நகத்தோரம் முள் மாதிரி எழும்பி நிற்கிற தோலை வெட்ட. அதற்கு மட்டும்.

செட்டில் ‘வி’ வடிவ வாயோடு ஒரு தள்ளுகத்தி இருக்கும். நகத்தின் அடித்தோலைச் சுரண்டி எடுப்பதற்காம். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நகமும் சதையும் சேருகிற இடத்தில் அந்தத் தோல்தான் கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கிறது. அதை வெட்டி எடுக்க வேண்டாம் என்றுதான் தோல் மருத்துவர்களும் சொல்கிறார்கள். அதுவும் பயணத்தில், கண்ட கண்ட கைப்பிடிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாட்களில், அங்கே ஒரு திறந்த காயம் எதற்கு?

பலரும் நினைத்துக்கூடப் பார்க்காதது நகப் பிரஷ். மண், எண்ணெய், கிரீஸ், மணல் என்று கையை விட்டு வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. கூரான முனையால் குடைந்து குடைந்து அழுக்கெடுத்தால் நகம் சதையிலிருந்து பிரிய ஆரம்பிக்கும். சோப்பும் பிரஷும் அந்த வம்பைச் செய்யாது.

பளபளப்பேற்றும் கட்டை விருப்பமிருந்தால் எடுங்கள். அடிக்கடி தேய்த்தால் நகம் மெலியும், மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பேட்டரியில் சுற்றுகிற அரங்கள் இடத்தை அடைக்கின்றன, சார்ஜரையும் சுமக்க வேண்டும். பழக்கமில்லாத கையில் நகத்தை ஒரே இடத்தில் சூடாக்கித் தேய்த்தும்விடும்.

5. எண்ணெய், பாலிஷ், ரிமூவர்

நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். இதே மாறி மாறி நடந்தால் அடுக்குகள் பிரிந்து நுனி உரியத் தொடங்கும். பயணத்தில் கை கழுவுவதும் ஆல்கஹால் ஜெல் தடவுவதும் கூடுதலாக நடக்கும், அதனால் எண்ணெய் தேவை. பேனா மாதிரி, நுனியில் பிரஷ் வைத்து வருகிற நக எண்ணெய் வசதியானது. ஜோஜோபா எண்ணெய் கலந்தவை பரவலாகக் கிடைக்கின்றன. அது இல்லையென்றால் ஒரு குட்டி டப்பாவில் வாஸ்லின். வேலை அதேதான், ஒழுகும் பயமும் இல்லை. இரவு படுக்கும் முன் நகத்தடியில் தடவித் தேய்த்துவிட்டால் போதும்.

பாலிஷை அழிக்கிற ரிமூவரைப் புட்டியாக எடுப்பதைவிட, தனித்தனியாக உறையிட்ட நனைந்த பட்டைகளாக எடுப்பது நல்லது. பல ரிமூவர்களில் இருக்கும் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், 56 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சில பிளாஸ்டிக்குகளையும் கரைத்துவிடும். மூடி சரியாக மூடாத ஒரு புட்டி, பக்கத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் டப்பாக்களையும் பாழாக்கிவிடலாம். அசிட்டோன் இல்லாத ரிமூவர் மெதுவாக வேலை செய்யும். ஆனால் அதுவும் நகத்தை வறளச் செய்யும். தேய்த்து முடித்ததும் கை கழுவி எண்ணெய் தடவுங்கள்.

நகத்தில் பாலிஷ் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. நீண்ட பயணம் என்றால் அடர் நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். அடர் சிவப்போ கறுப்போ நுனியில் ஒரு பொட்டு உதிர்ந்தாலும் பளிச்சென்று தெரியும், திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தோலின் நிறத்தை ஒட்டிய வெளிர் நிறம் பாதி உதிர்ந்தாலும் காட்டிக்கொடுக்காது. நிறமே இல்லாத பாலிஷ் புட்டி ஒன்று மட்டும், பாலிஷ் போடும் பழக்கம் இல்லாதவர்களிடம்கூட இருக்கட்டும். கீறலை அடைக்க உதவும்.

6. விமானத்தில் போகிறீர்களா?

நகவெட்டியைப் பெரும்பாலான நாடுகளில் கைப்பையில் கொண்டுபோக விடுகிறார்கள். கத்தரிக்கோலுக்குத்தான் அளவு பார்ப்பார்கள். அமெரிக்காவில் திருகாணியிலிருந்து அலகின் நீளம் 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 6 சென்டிமீட்டருக்குள். எங்கே போனாலும் கடைசி முடிவு சோதனை செய்கிற அதிகாரியுடையது. அதனால் விலை உயர்ந்த கருவி எதையும் கைப்பையில் வைத்துப் பரீட்சை பார்க்க வேண்டாம். கூரானதெல்லாம் பெட்டிக்குள் போகட்டும்.

எண்ணெய், பாலிஷ், ரிமூவர் எல்லாமே திரவக் கணக்கில்தான் வரும். 2006 முதல் உலகம் முழுக்கப் பரவிய விதிப்படி, கைப்பையில் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் திரும்பி வருகிற வழியில் பழைய விதி இருக்கலாம் என்பதால், பழைய அளவிலேயே எடுத்துப்போவது உத்தமம். பேட்டரி உள்ள கருவி எடுத்தால் அது கைப்பையில் இருக்கட்டும்; பவர் பேங்க் என்றால் கட்டாயம் கைப்பையில்தான்.

விமானத்துக்குள் பாலிஷையோ ரிமூவரையோ திறக்காதீர்கள். அந்த அடைசலில் வாசனை பக்கத்து வரிசைகளையெல்லாம் தாக்கும்.

7. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்

நகத்தை வெட்ட வேண்டியது கிளம்புகிற காலையில் இல்லை. புதிதாக வெட்டிய ஓரத்தில் தோல் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதிகம் வெட்டியிருந்தால் வலிக்கும். இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டிவிட்டால், கிளம்பும்போது எல்லாம் அடங்கியிருக்கும்.

மலையேறுகிறவர்களும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். இறக்கத்தில் இறங்கும்போது கால் முன்னோக்கிச் சறுக்கி, நகம் காலணியின் முனையில் திரும்பத் திரும்ப இடிக்கும். அதில் நகத்தின் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். சரியான அளவில் வெட்டிய நகமும், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்ட காலணியும், இறுக்கிக் கட்டிய கயிறும் சேர்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை உள்ளே வளைத்துக் குடைந்து வெட்டினால், வளரும்போது மூலை சதைக்குள் குத்திக்கொண்டு போகும். நேராக வெட்டிவிட்டு, மூலையின் கூரை மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு.

8. வழியில் செய்கிற முறை

குளித்து முடித்த கையோடு வெட்டுவது சுலபம், நகம் இளகியிருக்கும். ஆனால் அரம் போடுவதற்கு நகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர நகத்தில் அரம் பட்டால் நார் நாராக உரியும். ஆகவே குளியல், வெட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்பு, அப்புறம் அரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரே கடியில் நகம் முழுவதையும் வெட்டாமல், ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டு வாருங்கள். வெள்ளை விளிம்பு ஒரு கோடு அளவுக்கு மிச்சமிருக்கட்டும். அரத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே திசையில் இழுங்கள், எடுத்து மறுபடி ஓரத்தில் வையுங்கள். ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். மூலைக்குள் ஆழமாகப் போகாதீர்கள், நகத்தின் பலமே பக்கச் சுவர்களில்தான் இருக்கிறது. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நுனியை ஒரு துணியில் இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது மாட்டினால் அங்கே இன்னும் ஓர் இழுப்பு. கடைசியில் கை கழுவி, எண்ணெய்.

ஓடுகிற வண்டியில் வெட்டியும் குறடும் எடுக்க வேண்டாம். ஒரு குலுங்கல் போதும், சதை போய்விடும். பக்கத்துச் சீட்டுக்காரர் முகம் சுளிப்பது தனிக் கதை. அரம் மட்டும் என்றால் பரவாயில்லை, தூளைக் கைக்குட்டையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், முக்கியமாகக் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், மங்கலான விடுதி விளக்கில் கால் நகம் வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். சின்னக் காயம்கூடத் தெரியாமல் பெரிதாகிவிடும்.

9. அவசரத்துக்கு

நகத்தில் குறுக்கே கீறல், ஆனால் சதை வரை போகவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். கை கழுவிக் காய வையுங்கள். வெறும் தேநீர்ப் பையின் காகிதத்திலிருந்து கீறலை மூடுகிற அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். நகப் பசை ஒரு சொட்டு வைத்து, காகிதத்தை மேலே படியவிட்டு மரக்குச்சியால் அழுத்துங்கள். காய்ந்ததும் இன்னொரு மெல்லிய பூச்சு. அது இறுகியதும் நயமான அரத்தால் மேடு தெரியாமல் லேசாக நீவி, நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட் போடுங்கள். ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நகப் பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகைதான், அது பஞ்சில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்கப் போகாதீர்கள்.

கீறல் சதை வரை போய் ரத்தம் வந்தால் பசை கூடாது. கழுவி, தொங்குகிற பகுதியை மட்டும் வெட்டி, காகித டேப்பைச் சுற்றி விடுங்கள்.

நகத்தோரத் தோல் எழும்பினால் இழுக்காதீர்கள். இழுத்தால் உயிருள்ள தோலோடு சேர்ந்து கிழியும். சுத்தமான நுனி வெட்டியால் அடியோடு நறுக்கி, வாஸ்லின் தடவுங்கள்.

நகத்தோரம் சிவந்து, வீங்கி, விண் விண் என்று தெறித்தால் அது நகச்சுத்தியின் ஆரம்பம். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம், நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்திருங்கள். சீழ் தெரிந்தாலோ சிவப்பு பரவினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ஊசியால் குத்திப் பார்ப்பது உதவாது. இடிபட்டுக் கறுத்த நகம் பொறுக்க முடியாமல் தெறித்தாலும் அப்படியே. அடியே படாமல் நகத்தில் நீளவாக்கில் ஒரு கருங்கோடு தோன்றினால், வலி இல்லாவிட்டாலும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

10. கருவிகளைச் சுத்தமாக வைத்திருக்க

ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, ஆல்கஹால் பட்டையால் ஒத்தி எடுத்து, காயவிட்டு உறையில் வையுங்கள். 70 சதவீத ஆல்கஹால்தான் வேண்டும். 99 சதவீதம் இன்னும் உசத்தி என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். கிருமியின் உள்ளே இறங்கக் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். கழுவாமல் ஆல்கஹாலை மட்டும் தடவுவதிலும் அர்த்தமில்லை, அழுக்கின் அடியில் அது போகாது.

கூட வருகிறவர் ‘அந்த நெயில் கட்டரைக் கொஞ்சம் கொடு’ என்று கேட்பது வழக்கம்தான். நகப் பூஞ்சையும் மருவும் இப்படித்தான் கை மாறுகின்றன. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கறை ஒட்டிய கருவியும் ஆபத்துதான். குடும்பமாகப் போனால் ஆளுக்கொன்று எடுத்து, பிடியில் வேறு வேறு நிற நூல் கட்டிவிடுங்கள். குழந்தைக்கு மழுங்கிய முனையுள்ள அதன் சொந்த வெட்டி.

திரும்பி வந்ததும் உறையை அன்றைக்கே திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலரவிடுங்கள். அட்டை அரத்தையும் மரக்குச்சியையும் மாற்றுங்கள். நகவெட்டியின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலு தடவை அழுத்தித் துடையுங்கள். அதன் பிறகும் நகத்தை வெட்டாமல் மடித்தால், தீட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் வேறு வாங்கிவிடுங்கள். இரண்டு விளிம்பையும் மறுபடி சரியாகப் பொருத்துவது கையால் ஆகிற காரியம் இல்லை.